நான் இரண்டு முறை எழுதிய சொல்

போன மாதம் ஜெயந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கொல்லிமலையில் நான் வேலை பார்த்த அதே மருந்தகத்தில் இப்போது அவள் நர்ஸ். பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்தார்களாம். அதில் கிடைத்த சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளில் இரண்டைச் செல்போனில் படம் எடுத்து வந்திருந்தாள்.

“இது உங்க கையெழுத்துதானுங்களாம்மா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என்னுடையதுதான்.

“ரெண்டும் ஒரே ஊட்டு ஆளுங்க. புருசன் பொண்டாட்டி. நடுவுல ஏழெட்டு வருசம் தள்ளியிருக்குது. நெலமைங்கிற எடத்துல ரெண்டுலயும் ஒரே இங்கிலீசு வார்த்தை. மாரிபண்ட். பொம்பள சீட்டுல மூணு கட்டத்துல ஒண்ணுதான் நெரப்பியிருக்குது. ஆம்பள சீட்டுல மூணும் நெரப்பியிருக்குது. ஏனுங்கம்மா அப்படி?”

காபி ஆறிப்போகுது, குடி கண்ணு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவள் போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எண்பது வயதைத் தாண்டியும் ஒரு வார்த்தைக்குப் பயப்படுகிறேனே என்று என்மேல் எனக்கே எரிச்சல். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது அவள் பாடு.

ஐம்பதுகளின் கடைசியில் மலைக்குப் போனேன். அதற்கு முன் சேலத்தில் படித்த நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இப்படிப்பட்டவளைத் தனியாக ஒரு மலையைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரம் வரை எப்போதாவது ஒரு பஸ். அதன் பிறகு நடை. ஏறுவதற்கு அரை நாள் ஆகும். மருந்தகம் என்பது ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் நான். டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்து ஏறி வருவார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மற்ற நாளெல்லாம் எடப்புளி நாட்டிலிருந்து ஆள் வந்தாலும் தேவனூர் நாட்டிலிருந்து ஆள் வந்தாலும் நான்தான் போக வேண்டும்.

டாக்டர் சபாபதி ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு நடுக்கம். நோயாளியைத் தொடும் முன் ஒரு முறை, தொட்ட பிறகு ஒரு முறை, எழுத உட்காரும் முன் ஒரு முறை என்று கை கழுவுவார். மூன்றாவது முறை எதற்கு என்று கேட்டதற்கு, “காகிதமும் ஒரு நோயாளிதான் சிஸ்டர், அதுக்கும் நம்ம கையால கெடுதல் வரும்” என்றார். சட்டைப் பையில் சங்கிலி கட்டிய கடிகாரம் இருக்கும். மணி போடாமல் எழுதிய எதையும் அவர் படிக்கவே மாட்டார். அப்படியே திருப்பித் தருவார்.

மலையில் வைத்துப் பார்க்க முடியாத நோயாளியைக் கீழே அனுப்புவதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று டோலி. நீள மூங்கிலில் கெட்டிப் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி, அதில் நோயாளியைக் கிடத்தி, முன்னால் இருவரும் பின்னால் இருவரும் தோள் கொடுத்து இறங்குவார்கள். அடிவாரம் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். இன்னொன்று சீட்டு. கால் வேகமுள்ள ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு டோலிக்கு முன்பே இறங்கி, பஸ் பிடித்து, கீழ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். சீட்டைப் படித்த பிறகுதான் அங்கிருந்து வேன் புறப்பட்டு அடிவாரத்துக்கு வரும். பெயர், வயது, ஊர், கொடுத்த மருந்து எல்லாம் எழுதி, கடைசியில் நிலைமை. நிலைமைக்கு ஒரே ஒரு சொல்தான். டாக்டர் எனக்கு அனுமதித்தது ஐந்து சொற்கள்: சாட்டிஸ்ஃபாக்டரி, ஃபேர், புவர், கிரிட்டிக்கல், மாரிபண்ட். படிப்படியாக இறங்கும் வரிசை அது.

கிரிட்டிக்கல் என்று இருந்தால் வேன் உடனே கிளம்பும். மாரிபண்ட் என்று இருந்தால் கிளம்பாது. ஒரே ஒரு வேன்தான் இருந்தது, பிழைக்கக்கூடியவருக்கு அது முதலில் போக வேண்டும். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். அன்றைக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் டாக்டர் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

“மாரிபண்ட்னா என்ன?”

“சாகப்போறவங்க சார்.”

“சாகப்போறது நீயும்தான், நானும்தான். கிரிட்டிக்கல்னா ஒருத்தர் வாசப்படியில நிக்கறார். உள்ள வந்தாலும் வருவார், வெளிய போனாலும் போவார். மாரிபண்ட்னா போயாச்சு. செருப்பு மட்டும்தான் இன்னும் வாசல்ல கெடக்கு. புரியுதா?”

தலையாட்டினேன்.

“அதை ஒருதரம் பார்த்துட்டு எழுதக்கூடாது. அரைமணிக்கு ஒருதரமா மூணு தரம் பார்க்கணும். மூணு தரமும் கீழேயே எறங்கியிருந்தா எழுது. நடுவுல ஒருதரம் நாடி கொஞ்சம் ஏறியிருந்தாலும் எழுதாதே.”

அதற்காக ஒவ்வொரு சீட்டிலும் அதன் அடிக்கட்டையிலும் பென்சிலால் மூன்று கட்டங்களை அவரே கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மணியும் நாடியும் எழுத வேண்டும். மனிதரைத் தவிர வேறு எதற்கும் அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். பெயர்ப்பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் சங்கம், கூட்டமே போடாத கமிட்டி எல்லாம் மாரிபண்ட்தானாம். மலை ஏறி வந்து வேர்வையைத் துடைக்கும்போதெல்லாம், “இந்த மலைக்கு ரோடு போடற திட்டம் இருக்கே, அது மாரிபண்ட் சிஸ்டர். ஃபைல் இருக்கு, மூச்சு இல்லை” என்பார்.

நான் போன முதல் வருடமே எடப்புளி நாட்டிலிருந்து காய்ச்சல்கார ஆள் ஒருவரைக் கீழே அனுப்பினேன். பேசிக்கொண்டுதான் இருந்தார். ஃபேர் என்று எழுதினேன். வேன் அவசரப்படவில்லை. அடிவாரத்தில் டோலியை இறக்கியபோது அவருக்கு உயிர் இல்லை. டாக்டரிடமிருந்து மூன்று வரியில் மெமோ வந்தது. உயிர் போகும் நிலையில் இருந்தவருக்கு ஃபேர் என்று எழுதியது எப்படி என்று விளக்கம் கேட்டிருந்தார். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அத்தோடு முடிந்தது. எனக்குள் மட்டும் முடியவில்லை. அதன் பிறகு நிலைமை என்ற இடத்துக்கு வந்தாலே பேனா ஒரு படி கீழே எழுதச் சொல்லும். கெட்டதாக எழுதிவிட்டால் நம்மேல் பழி வராது என்று ஒரு கணக்கு மனசுக்குள் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தேவனூர் நாட்டிலிருந்து நாங்கள் இறங்கும் பாதையில், பாதிக்கு மேல் தாண்டியதும் ஓர் எல்லைக்கல் நின்றது. அந்தக் கல்லுக்குக் கீழே உயிர் போனால் உடலை மேலே ஏற்றக்கூடாது என்பது அந்தப் பக்கத்துச் சில ஊர்களின் வழக்கம். கீழேயே எங்காவது புதைத்துவிட்டு வர வேண்டும். ஊரில் முன்னோருக்கு இலை போட்டுக் கும்பிடும்போது அவருக்கு மட்டும் இலை கிடையாது. அதனால், பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால் டோலியைத் தூக்கமாட்டார்கள். தூக்கியிருந்தாலும் கல்லுக்கு முன்னால் திருப்பிவிடுவார்கள். தூக்கும் முன் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து, “உசுரு தங்குமுங்களா நர்ஸம்மா?” என்று கேட்பார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான்.

பலாப்பழம் சுமை சுமையாக இறங்கும் காலம். ஒருநாள் காலையில் தேவனூர் நாட்டிலிருந்து காளியப்பன் ஓடி வந்தான். அவன் மனைவி நல்லம்மாவுக்கு விடியும்போது பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினேன். போய்ச் சேரும்போது எட்டு மணி.

ஊர் மருத்துவச்சி வெள்ளையம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும் ஆகாது. நான் நகத்தை வெட்டச் சொல்வேன், அவர் என்னைப் பிள்ளை பெறாதவள் என்பார். அன்று இரண்டு பேருக்கும் சண்டைக்கு நேரம் இல்லை. நல்லம்மா பாயில் கிடந்தாள். உதடு வெளுத்து, கை ஜில்லிட்டிருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி கிடைக்கவில்லை. இன்னொரு கையிலும் கிடைக்கவில்லை. கர்ப்பப்பை சுருங்குவதற்கு ஊசி போட்டேன். கால்மாட்டில் கல்லை அடுக்கிப் பலகை போட்டு, அவள் கால்களைத் தூக்கி வைத்தேன். பிறகு சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

முதல் கட்டத்தில் எட்டு இருபது என்று மணி போட்டு, நாடி இல்லை என்று எழுதினேன். இன்னும் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். எனக்கு நல்லம்மாவின் முகம் தெரியவில்லை, அந்த மூன்று வரி மெமோதான் தெரிந்தது. மாரிபண்ட் என்று எழுதி, கிழித்து, காளியப்பனிடம் நீட்டினேன்.

“என்னங்க எழுதியிருக்கீங்க?”

“வேனை ஒடனே அனுப்பச் சொல்லி எழுதியிருக்கேன். ஓடுங்க.”

அவன் சீட்டை வாழை இலைக் கிழிசலில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். டோலி கட்ட வந்தவர்கள் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்கள்.

“உசுரு தங்குமுங்களா?”

“தங்கும். கட்டுங்க.”

ஆக, மேலே இருப்பவர்களுக்குப் பிழைப்பாள் என்று சொன்னேன். கீழே இருப்பவர்களுக்குச் சாவாள் என்று எழுதினேன். எது நடந்தாலும் நான் சொன்னது சரியாக இருக்கும்.

ஒன்பது மணிக்குச் சற்று முன் மறுபடி கையைப் பிடித்தேன். விரலுக்கடியில் நூல் இழுத்த மாதிரி ஏதோ ஓடியது. என் நாடிதானோ என்று கையை எடுத்து, உதறி, திரும்ப வைத்தேன். ஓடியது. மெலிசு, படுவேகம், ஆனால் அவளுடையது. ரத்தம் முக்கால்வாசி நின்றிருந்தது. நல்லம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“புள்ள அழுவுதா?”

“அழுவுது சாமி, நல்லாவே அழுவுது” என்றார் வெள்ளையம்மா.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம். கீழே போய் நஞ்சுக்கொடியை எடுத்து ரத்தம் ஏற்றினால் இவள் பிழைப்பாள். வேன் வந்தால்தான் கீழே போக முடியும். வேனை வரவேண்டாம் என்று சொல்லும் சீட்டை அவள் புருஷன் கையிலேயே கொடுத்து ஓடவிட்டிருக்கிறேன். அவன் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது.

இன்னொரு சீட்டு எழுதினேன். கிரிட்டிக்கல். இதை யாரிடம் கொடுப்பது? நாலு பேர் தூக்க, நாலு பேர் தோள் மாற்ற. பலாச் சுமையோடு இறங்கியவர்கள் போக, வேறு ஓடுகிற கால் அந்த ஊரில் அன்றைக்கு இல்லை. நான் ஓடலாம். ஓடினால் நல்லம்மாவை யார் பார்ப்பது? கர்ப்பப்பை மறுபடி தளர்ந்தால் வழியிலேயே ரத்தம் கொட்டிவிடும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தேன். வெள்ளையம்மாவுக்கு என் முகத்திலேயே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

“என்னத்தையோ தப்பா எழுதிப்போட்டீங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப நீங்க போங்க. எழுதத் தெரிஞ்சது நீங்கதான். வவுறு புடிக்க எனக்குத் தெரியும்.”

அவர் கையை எடுத்து நல்லம்மாவின் அடிவயிற்றில் வைத்து, உருண்டையாகக் கெட்டியாக இருக்கிறதா என்று காட்டினேன். தளர்ந்தால் தேய்த்துவிட வேண்டும், டோலி இறங்கும்போதும் கையை மட்டும் எடுக்கக் கூடாது என்றேன். “போங்கன்னு சொன்னனில்ல” என்றார். அவர் நகம் ஒட்ட வெட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த இறக்கத்தை நான் எப்படி இறங்கினேன் என்று கேட்டால் பாதிதான் நினைவிருக்கிறது. செருப்பு அறுந்தது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டேன். மிளகுக் கொடிகள் முடிந்து காடு தொடங்கியதும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் முதுகு தெரியுமா என்று பார்த்தேன். அவன் பஸ் ஏறியிருப்பான். இல்லை, பஸ் தாமதமாக வந்திருக்கும். ஏறியிருந்தால் இந்நேரம் சேந்தமங்கலம். எல்லைக்கல்லைத் தாண்டினேன். பின்னால் டோலிக்காரர்களின் குரல் கேட்கிறதா என்று நின்று கேட்டேன். கேட்கவில்லை. இருக்கிறாளா, வழியில் போய்விட்டாளா, அதுவும் தெரியவில்லை.

கல்லைத் தாண்டி வெகுதூரம் இறங்கிய பிறகு, கீழேயிருந்து ஓர் ஆள் ஏறி வருவது தெரிந்தது. காளியப்பன்தான். சீட்டு அவன் கையிலேயே இருந்தது.

“ஏன் திரும்பிட்டீங்க? பஸ் வரலியா?”

அவன் நிற்கவில்லை. என்னைத் தாண்டி ஏறப் பார்த்தான். கையை நீட்டி மறித்தேன்.

“வழிய வுடுங்க. டோலி கல்லத் தாண்டுறதுக்கு முன்னால நான் போயாவணும்.”

“எதுக்கு?”

“டீக்கடையில பஸ்ஸுக்கு நின்னேனுங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு இருந்தாரு. கையில என்னான்னு கேட்டாரு, குடுத்தேன். படிச்சுப்போட்டு எந்தலையத் தொட்டாரு. இது பொழைக்காத கேசுன்னு எழுதியிருக்குதுப்பா, வண்டி வராது, ஊட்டுக்குப் போய்ப் பக்கத்துல இருன்னாரு.” மூச்சு வாங்கினான். “வண்டியக் கூப்புட்டு எழுதியிருக்கறதா நீங்க சொன்னீங்க.”

“காளியப்பா, இப்ப நாடி வந்திருச்சு. பேசறா. புள்ள அழுவுதான்னு கேட்டா.”

“இதயும் வாயிலதான சொல்றீங்க.”

புதுச் சீட்டை எடுத்து நீட்டினேன். “இதுல வேற எழுதியிருக்கேன். இதக் கொண்டுபோனா வேன் வரும்.”

அவன் இரண்டு காகிதங்களையும் பார்த்தான். இரண்டும் அவனுக்கு ஒன்றுதான், நீல மசிக் கிறுக்கல். “எதுங்க நெசம்? அவ போறதுன்னா எங்க மண்ணுல போவட்டும். கல்லுக்குக் கீழ அநாதையாட்டம் போட்டுப்புட்டு வர எனக்கு முடியாதுங்க” என்றான். மேலே ஏறக் காலை எடுத்து வைத்தான்.

மருத்துவம் எதுவும் சொல்லி அவனை நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“அந்தச் சொல்ல நல்லம்மாவப் பாத்து நான் எழுதல” என்றேன். “எனக்காக எழுதினேன். போன வருசம் நல்லா இருக்கார்னு எழுதின ஆள் செத்துப்போய்ட்டாரு. என்னைய கேள்வி கேட்டாங்க. நல்லம்மா செத்தா மறுபடி கேட்பாங்கன்னு பயம். முன்னாலயே செத்துருவான்னு எழுதிட்டா யாரும் கேக்கமாட்டாங்க. மூணு தரம் பாக்கணும்னு சட்டம். நான் ஒருதரந்தான் பாத்தேன். உங்கிட்டப் பொய் சொன்னேன். இப்ப சொல்றதுதான் நெசம். அவ கல்லத் தாண்டி வரணும். வேன் அங்க நிக்கணும்.”

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பழைய சீட்டை இடுப்பில் செருகினான். புதுச் சீட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த வழியே ஓடினான்.

பஸ் போய்விட்டது. பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்றை நடுரோட்டில் நின்று மறித்து ஏறிப் போனானாம். நான் அடிவாரத்துக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன். முதலில் வேன் வந்தது. அதன் பிறகும் டோலி வரவில்லை. கல்லுக்கு முன்னால் திருப்பிவிட்டார்களோ என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து மூங்கில் நுனி தெரிந்தது. டோலியோடு குனிந்தபடியே வெள்ளையம்மா வந்துகொண்டிருந்தார், கை போர்வைக்குள் இருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் தூக்கியவர்கள் டோலியை இறக்கி வைத்து, நர்ஸம்மாவும் இல்லை, காளியப்பனும் இல்லை, தாண்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். “எங் கையிக்கு அடியில கல்லாட்டங் கெட்டியா இருக்குது. தூக்குங்கடா” என்று வெள்ளையம்மா சொன்னாராம். அவர் நிமிர்ந்து நிற்க அன்று இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

நல்லம்மா இருபது நாள் கழித்து நடந்தே மலை ஏறினாள்.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது அடிக்கட்டையை நானே எடுத்து முன்னால் வைத்தேன். கடிகாரத்தை மேஜையில் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார்.

“எத்தனை தரம் பார்த்தே?”

“ஒருதரம் சார்.”

“மிச்ச ரெண்டு கட்டம்?”

“காலி சார். இதை அடிச்சிரட்டுமா?”

“அடிக்கக்கூடாது. காலியாவே இருக்கட்டும். அடுத்து இங்க வர்றவங்க பார்க்கணும்.” கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நோயாளியைப் பார்த்து எழுதலை. என் மெமோவைப் பார்த்து எழுதியிருக்கே” என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். அன்று அது நாலாவது முறை.

அதற்குப் பிறகு நான் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் காளியப்பன் வாங்கிய கையோடு போகமாட்டான். “தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க” என்று நிற்பான். தலைவலி மாத்திரைச் சீட்டாக இருந்தாலும் வாசலில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். அவனைப் பார்த்து அவன் ஊரும், அந்த ஊரைப் பார்த்துப் பக்கத்து ஊர்களும் அதையே பிடித்துக்கொண்டன. எழுதியதை வாயால் சொல்லாமல் தேவனூர் நாட்டில் ஒருவரும் சீட்டைத் தொடமாட்டார்கள் என்றாகிவிட்டது. உறவுக்காரர்கள் முகத்துக்கு நேரே படிக்க வேண்டும் என்றதும் என் பேனா ஒழுங்குக்கு வந்துவிட்டது. அடுத்த ஏழெட்டு வருடம் அந்தக் கடைசிச் சொல்லை நான் எழுதவே இல்லை. எழுத வேண்டிய இடத்திலும் கிரிட்டிக்கல் என்று எழுதித் தப்பித்தது உண்டு. அதுவும் பயம்தான்.

பழைய சீட்டை நல்லம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். சாவு என்று எழுதிய காகிதம், அதை ஏய்த்துவிட்டு வந்தவள் என்று ஊரில் அவளுக்கு ஒரு பெருமை. டீக்கடை வாத்தியார் படித்ததால் சீட்டில் என்ன இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் ஏன் அப்படி எழுதினேன் என்பது காளியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். நல்லம்மா என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவாள். அவன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எந்த நாளில் வாயைத் திறப்பானோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே நிற்பேன்.

டாக்டர் மாற்றலாகிப் போன பிறகு, மூச்சு இல்லை என்று அவர் சொன்ன திட்டத்துக்கு மூச்சு வந்தது. அறுபதுகளின் கடைசியில் ஜீப் ஏறும் அளவுக்கு ரோடு வெட்டினார்கள். எல்லைக்கல்லையும் பெயர்த்து வந்து ரோட்டோரத்தில் நட்டார்கள்.

அந்த வருட மிளகுப் பறிப்பில் காளியப்பன் மரத்திலிருந்து தவறி விழுந்தான். தலையில் அடி. நான் போனபோது அவனுக்கு நினைவில்லை, ஒரு பக்கக் கண்மணி விரிந்திருந்தது. மணி போட்டு எழுதினேன். அரை மணி கழித்துப் பார்த்தேன், இரண்டு கண்மணியும் விரிந்திருந்தன. மறுபடி அரை மணி. மூச்சு விட்டு விட்டு வந்தது. மூன்று கட்டங்களும் நிரம்பின. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கீழே. கிரிட்டிக்கல் என்று எழுதிவிடலாமா என்று பேனா இழுத்தது. அவனுக்கு இன்னொரு பொய் எழுத முடியாது. மாரிபண்ட் என்று எழுதினேன்.

நல்லம்மா முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் அன்று பிறந்த அந்தப் பெண் குழந்தை, பாவாடை கட்டி வளர்ந்திருந்தது.

“படிச்சுச் சொல்லுங்க நர்ஸம்மா.”

சொன்னேன். இனித் திரும்பி வரமாட்டார் என்று தமிழில் சொன்னேன்.

“அன்னைக்கு எனக்கு எழுதுனதும் இதே வார்த்தைதானுங்களா?”

“ஆமா.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப ஏத்துங்க. நான் வந்தேனில்ல, இவரும் வருவாருங்க” என்று தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் கல்லைத் தாண்ட வேண்டாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. ரோடு வேலைக்கு வந்திருந்த ஜீப்பில் அவனை ஏற்றினோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் அவன் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. நல்லம்மா மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்துவிட எனக்கு எல்லா வசதியும் இருந்தது. தெரிந்த ஒரே ஆள் வாய் திறக்க முடியாமல் கிடந்தான். ரோட்டோரத்தில் கல் தெரிந்ததும் டிரைவரை நிறுத்தச் சொன்னேன்.

“நல்லம்மா, உனக்கு எழுதினது பொய் கண்ணு. நான் பயந்துக்கிட்டு, ஒருதரம் மட்டும் பாத்துட்டு, எம்மேல பழி வரக்கூடாதுன்னு எழுதினது. நீ சாவுகிட்டயிருந்து திரும்பி வரல. நீ அந்த எடத்துக்குப் போகவே இல்ல. இவருக்கு எழுதினதுதான் நெசம்.”

அவள் என்னையே பார்த்தாள். “இவருக்குத் தெரியுமுங்களா?”

“அன்னைக்கே தெரியும். வழியில மறிச்சுச் சொன்னேன்.”

குனிந்து அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். “எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே சாமி” என்றாள். பிறகு டிரைவரைப் பார்த்து, “வண்டியத் திருப்புங்கண்ணா” என்றாள்.

பொழுது சாயும் வரை மூச்சு இருந்தது. அவன் வீட்டில், அவன் பாயில், மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போனது. ஊர் கும்பிடும்போது அவனுக்கு இலை உண்டு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் நல்லம்மா மருந்தகத்துக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மடியை அவிழ்த்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்தப் பழைய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“இது எனக்கு எழுதுனதுன்னு இத்தன வருசம் வச்சிருந்தனுங்க” என்றாள். “உங்களுக்கு எழுதிக்கிட்டதாமே. நீங்களே வச்சுக்குங்க.”